சித்திரை நள்ளிரவில் தெற்கு வானம்



வானியல் பற்றி எந்தக் கட்டுரை வெளியிட்டாலும் அதன் பின்னால் வரும் கடிதங்கள் பெரும்பாலும் டெலஸ்கோப்பைப் பற்றியே கேட்கின்றன. என்ன விலையில் வாங்கலாம், எத்தனை அங்குலம் தேவை, பிள்ளைகளுக்கு முதலில் எதை வாங்கிக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் வானம் பார்த்துப் பழகியவர்களிடம் இதையே கேட்டுப் பாருங்கள். அவர்கள் திருப்பிக் கேட்பது வேறாக இருக்கும். எதைப் பார்க்கப் போகிறீர்கள்? எந்த மாதம்? எந்த ஊரிலிருந்து? அன்றைக்கு என்ன திதி? இந்த நான்குக்கும் பதில் வைத்திருப்பவருக்கு ஒரு சாதாரண பைனாகுலர் நிறையக் காட்டிவிடும். பதில் இல்லாதவரிடம் எட்டு அங்குலக் கண்ணாடி இருந்தாலும் தேடிப்போன பொருள் கண்ணில் படாது.

ஆகவே சித்திரை பிறக்கும் இந்த இதழில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்க நல்ல இரவு எது என்று உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். நான் தேர்ந்தெடுத்திருப்பது ஒமேகா சென்டாரி.

இது ஒரு கோள விண்மீன் கொத்து. நம் பால்வீதியைச் சுற்றி இத்தகைய கொத்துகள் 150-க்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரியதும் மிகுந்த ஒளி உடையதும் இதுவே. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், சுமார் 150 ஒளியாண்டு அகலத்துக்குள், ஒரு கோடி அளவுக்கு விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. இருட்டான கிராமத்தில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மங்கலான ஒரு விண்மீன் போலத் தெரியும். அப்படித்தான் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமி இதை விண்மீன் பட்டியலில் சேர்த்தார். 1603-இல் ஜெர்மானியர் யோகான் பாயர் தம் வான வரைபட நூலில் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் விண்மீன் என்று எண்ணித்தான். 1677-இல் எட்மண்ட் ஹேலி பார்த்தபோதுதான் இது ஒற்றை விண்மீன் இல்லை, ஒளிப்படலம் என்று தெரிந்தது. 1826-இல் ஜேம்ஸ் டன்லப் இதை ஒரு கோளக் கொத்து என்று விவரித்தார்.

ஆய்வாளர்களுக்கு இது இன்னும் ஓயாத புதிர். ஒரு காலத்தில் தனியே திரிந்த சிறு விண்மீன் மண்டலம் ஒன்றைப் பால்வீதி விழுங்கிவிட, எஞ்சிய நடுப்பகுதியே இது என்று பலர் கருதுகிறார்கள். ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த படங்களை ஒப்பிட்டு, மையத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும் ஏழு விண்மீன்களை 2024 ஜூலையில் ஓர் ஆய்வுக் குழு அடையாளம் காட்டியது. அந்த வேகத்தில் ஓடியும் அவை சிதறிப் போகாமல் இருக்க, நடுவே குறைந்தது 8,200 சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நம் ஊர் வயல்வரப்பில் நின்று வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு புள்ளிக்குள் இத்தனையும் இருக்கிறது.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆழ்வானப் பொருள்களைத் தேடத் தொடங்கும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது சார்ல் மெஸ்ஸியே தொகுத்த பட்டியலை. 110 பொருள்கள் கொண்ட அருமையான பட்டியல். ஆனால் அதில் ஒமேகா சென்டாரி கிடையாது. மெஸ்ஸியே பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் இருந்து பார்த்தவர். அந்த அட்சரேகையில் இது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. லண்டனிலும் அப்படித்தான். டெல்லியில் அதிகபட்சமாக 14 டிகிரி உயரத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். சென்னையில் 29 டிகிரி. மதுரையில் 32½. யாழ்ப்பாணத்தில் 33-ஐ ஒட்டி. கன்னியாகுமரியில் 34. சிங்கப்பூர் வாசகர்களுக்கு 41. தெற்கே போகப் போக இந்தப் பொருள் நமக்கு நெருங்கி வருகிறது. நாம் பிறந்த அட்சரேகை தரும் இந்தச் சலுகையை, பாரிஸில் எழுதிய பட்டியலையே பின்பற்றி நாம் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இடம் தேர்ந்தபோது வானியலாளர் வைணு பாப்பு கருதியவற்றில் இந்த அட்சரேகைச் சலுகையும் ஒன்று. பன்னிரண்டரை டிகிரி வட அட்சரேகையில் நிற்பதால் அங்கிருந்து வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒருசேரப் பார்க்கலாம். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல இரண்டு என்று கண்டார். நமது ஒமேகா சென்டாரி இருக்கும் அதே சென்டாரஸ் விண்மீன் குழுவில், அதைவிடத் தெற்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அந்த மாதத்தில் அது விடியலுக்குச் சற்று முன்புதான் புதுச்சேரியில் எழும். தென்கிழக்கில் தாழ்வாகத்தான் நிற்கும். எந்த மாதத்தில் எந்த நாழிகைக்கு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

இப்போது நம் கணக்கைத் தொடங்குவோம்.

வானத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், வானத்து அட்சரேகை தீர்க்கரேகை என்று சொல்லத்தக்க இரண்டு எண்கள் உண்டு. தெற்கு வடக்கைக் குறிப்பது நடுவரை விலக்கம். கிழக்கு மேற்கைக் குறிப்பது வல ஏற்றம். இரண்டாவதை மணியிலும் நிமிடத்திலும் எழுதுவது வழக்கம். ஒமேகா சென்டாரியின் வல ஏற்றம் சுமார் 13 மணி 27 நிமிடம். நடுவரை விலக்கம் தெற்கே 47 டிகிரி 29 கலை. முதல் எண், அது என்றைக்கு எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும் என்று சொல்லும். இரண்டாவது எண், நம் ஊரில் அந்த உச்சி எவ்வளவு உயரம் என்று சொல்லும். மேலே கொடுத்த ஊர்க்கணக்கு எல்லாம் 90-இலிருந்து ஊரின் அட்சரேகையையும் இந்த விலக்கத்தையும் கழித்துப் பெற்றதுதான்.

உச்சி ஏன் முக்கியம் என்றால், ஒரு பொருள் நேர் தெற்கில் தன் அதிகபட்ச உயரத்தில் நிற்கும்போதுதான் அதன் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. தலைக்கு நேர் மேலே உள்ள காற்றின் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரி உயரத்தில் அது இரண்டு மடங்கு. 20 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 10 டிகிரியில் ஐந்தரை மடங்குக்கு மேல். ஆகவே மதுரையில் இது 32½ டிகிரியில் நிற்கும் நேரத்தை விட்டுவிட்டு, எழுந்தவுடன் 10 டிகிரியில் தேடினால், தூசும் ஈரமும் கலந்த காற்று பாதி ஒளியைத் தின்றுவிடும். நம் தென் மாவட்டங்களில் உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்னும் மூன்று மணி நேரம் பின்னும் இது 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த ஆறு மணி நேரமே நமக்குப் பயன்படுவது.

சரி, உச்சிக்கு எப்போது வரும்? விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக, துல்லியமாகச் சொன்னால் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக, அதே இடத்துக்கு வந்துவிடுகின்றன. பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால் வரும் வித்தியாசம் இது. ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் சேர்ந்துவிடும். ஆண்டு முடிந்தால் 24 மணி நேரம் நிறைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இங்கேதான் நம் காலண்டர் அழகாகக் கைகொடுக்கிறது. தமிழ் மாதங்கள் சூரியன் விண்மீன்களுக்கு நடுவே நகர்வதைக் கொண்டு எண்ணப்படுகின்றன. சித்திரை முதல் தேதி சூரியன் மேஷத்தில் நுழையும்போது, வானத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது சித்திரை நட்சத்திரம். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் கையாளும் அயனாம்சமே சித்திரையை 180 பாகையில் நிறுத்தி வகுத்ததுதான். சூரியனுக்கு எதிரே உள்ள விண்மீன் நள்ளிரவில் உச்சிக்கு வரும். சித்திரை நட்சத்திரத்தின் வல ஏற்றம் 13 மணி 25 நிமிடம். ஒமேகா சென்டாரியினுடையது 13 மணி 27. இரண்டு நிமிட வித்தியாசம்தான்! சித்திரை பிறக்கும் நள்ளிரவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக, நேர் தெற்கே நிற்கின்றன.

நள்ளிரவு என்றால் நம் கடிகாரத்தில் சரியாக 12 என்று கொள்ள வேண்டாம். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வகுக்கப்பட்டது. மதுரை 78 டிகிரியில் இருப்பதால் அங்கே உண்மையான நள்ளிரவு 12.17-க்குத்தான் வரும், சென்னையில் 12.09-க்கு. ஆக, சித்திரை முதல் தேதி தொடங்கும் நள்ளிரவில் மதுரையில் ஒமேகா சென்டாரி 12.18-ஐ ஒட்டி உச்சிக்கு வரும். வைகாசி பிறக்கும்போது பத்தேகால். ஆனி பிறக்கும்போது எட்டேகால். அதற்குப் பிறகு மாலை இருட்டும்போதே உச்சியைக் கடந்து மேற்கே சாய்ந்திருக்கும். பின்னோக்கிப் போனால், பங்குனி பிறப்பில் பின்னிரவு இரண்டேகால், மாசியில் விடியற்காலை நாலேகால். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வைகாசியே சரியான மாதம். ஆனிப் பாதிவரைகூட நீட்டலாம்.

ஆங்கிலத் தேதியில் இதைக் குறித்து வைத்தால் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் கணக்கு நகர்ந்துவிடும். தமிழ் மாதம் விண்மீன்களோடு சேர்ந்தே நடப்பதால் சித்திரை நட்சத்திரத்துக்கும் சித்திரை முதல் தேதிக்குமான உறவு அப்படி விலகாது. இதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களுக்கும் கடத்த ஆசைப்படுகிறேன்.

அடுத்தது நிலா. உச்சி நேரம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வானத்தில் பெரிய நிலா இருந்தால் மங்கிய எதுவும் தெரியாது. இதற்கும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள விலகலை 12 பாகை 12 பாகையாகக் கூறு போட்டது. அமாவாசையில் விலகல் பூஜ்யம், பௌர்ணமியில் 180. வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஒரு திதிக்கு ஏறத்தாழ 48 நிமிடம் என்று கொள்ளலாம். வளர்பிறை சதுர்த்தி என்றால் நிலா இரவு ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் மேற்கே இறங்கிவிடும். அஷ்டமி என்றால் நள்ளிரவாகும். தேய்பிறையில் முன்னிரவு நமக்கு; சஷ்டி அன்று நிலா உதிக்கப் பதினோரு மணியாகும், தசமி அன்று அதிகாலை இரண்டு மணியாகும். இவை தோராயக் கணக்குகள். ஆனாலும் எந்த இரவை விடுவது, எதைக் குறித்து வைப்பது என்று முடிவெடுக்க இதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை.

அதே தாளில் அன்றைய நட்சத்திரம் என்று போட்டிருப்பது, நிலா அன்று வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்ற தகவல். அஸ்தம், சித்திரை, சுவாதி என்று போட்டிருந்தால் நிலா நம் பொருளுக்கு மேலே, அதே தென் வானில் நிற்கிறது என்று பொருள். ஆகவே சித்ரா பௌர்ணமி ஒமேகா சென்டாரிக்கு ஏற்ற இரவே இல்லை. கள்ளழகர் வைகையில் இறங்கும் அந்த நாளில் ஊரே விழித்திருக்கும், வானமும் வெளிச்சமாகவே இருக்கும். அன்று நிலாவையும், அதன் அருகே எங்கோ இருக்கும் சித்திரை நட்சத்திரத்தையும் அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசையை ஒட்டி அதே இடத்திலிருந்து கீழே இறங்கித் தேடலாம்.

மேகத்தை மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் முன்கூட்டிச் சொல்லாது. ஹேலி தென் வானத்தின் விண்மீன்களைப் பட்டியலிட அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனபோது அவருக்கு வயது இருபதுதான். அட்சரேகை பொருத்தமானது, ஆனால் தீவில் மேகமும் மழையும் அவரைப் படாத பாடு படுத்தின. கிடைத்த தெளிந்த இரவுகளைக் கொண்டு 341 விண்மீன்களைப் பதிந்துகொண்டு திரும்பினார். பொருளுக்கு உரிய மாதத்தையும் ஊருக்கு உரிய பருவத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம்மிடம் இருக்கும் வானியல் நூல்கள் பலவும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை அக்டோபர், நவம்பரில் பாருங்கள் என்று அவை சொல்லும். அவர்கள் வானத்துக்கு அது சரி. நமக்கு அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆண்ட்ரோமெடா முன்னிரவில் உச்சிக்கு வரும் ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மாவட்டங்களில் வானத்தைக் காண்பதே அரிது. நாம் அதற்கு மார்கழிக் கடைசியையும் தைத் தொடக்கத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அது உச்சி தாண்டி வடமேற்கில் சரிந்திருக்கும். ஆனாலும் இருட்டியதும் பார்க்கலாம், மழையும் ஓய்ந்திருக்கும். ஓரியன் நெபுலா நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்: மார்கழி பிறப்பில் நள்ளிரவை ஒட்டியும், தை பிறப்பில் பத்தேகாலுக்கும், மாசி பிறப்பில் எட்டேகாலுக்கும் அது உச்சியில் நிற்கிறது. மழை கழுவிவிட்ட வானத்தில், ஏறத்தாழ 74 டிகிரி உயரத்தில், குளிர்நாட்டுக்காரர்கள் நினைத்துப் பார்க்க முடியாத உச்சியில் அதைப் பார்க்கிறோம்.

ஒமேகா சென்டாரி நிற்கும் சித்திரை, வைகாசி நமக்குக் கோடை. வெப்பத்தால் காற்றில் தூசு மிதக்கும், தென் வானம் வெளுத்துத் தெரியும். பிற்பகலில் திடீரென்று இடியோடு ஒரு மழை அடித்து ஓயும் நாள்கள் வரும். அந்த இரவுகளை விட்டுவிடாதீர்கள். ஒன்பது மணிக்குள் மேகம் கலைந்துவிட்டால் தூசெல்லாம் அடங்கித் தெளிந்த வானம் கிடைக்கும். தொடுவானம் வரை விண்மீன்கள் தெரியும். ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு கோவை, தேனி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்கு வாய்ப்பு குறைந்துவிடும். அவர்கள் மே மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

இடத்தைப் பற்றி ஒரே ஒரு விதி சொல்கிறேன். நாம் தேடுவது தென் வானில் தாழ்வாக நிற்கும் பொருள் என்பதால், ஊரைவிட்டு வெளியே போகும்போது தெற்கு நோக்கிப் போங்கள். மதுரைக்காரர்கள் அழகர்கோயில் பக்கம் போனால் நகரத்தின் வெளிச்சம் முழுவதும் தெற்கில் வந்து நிற்கும். கல்லுப்பட்டி, திருச்சுழிப் பக்கம் போனால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பகலிலேயே ஒருமுறை போய் இடத்தைப் பார்த்து, தெற்கே மரமோ மலையோ 20 டிகிரிக்கு மேல் மறைக்கிறதா என்று கவனியுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. இரண்டு முஷ்டிக்கு மேல் திறந்த வெளி வேண்டும். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். கோடையில் பாம்பு நடமாட்டம் உண்டு, காலணியும் டார்ச்சும் கட்டாயம். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. அந்தப் பழக்கம் வர 20 நிமிடத்திலிருந்து அரை மணி ஆகும்; ஒரே ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி எல்லாவற்றையும் சேர்த்து இந்த 2026-ஆம் ஆண்டுக்கு ஓர் இரவைக் குறிப்போம். ஏப்ரல் 17 அமாவாசை, வெள்ளிக்கிழமை. அன்று உச்சி நேரம் நள்ளிரவு 12-ஐ ஒட்டி. நல்ல இரவுதான், ஆனால் பிள்ளைகளுக்குக் கடினம். அடுத்த அமாவாசை மே 16, சனிக்கிழமை. மதுரையில் அன்று ஏழேமுக்கால், எட்டு மணிக்குள் முழு இருட்டு வந்துவிடும். அப்போதே ஒமேகா சென்டாரி தென்கிழக்கில் 20 டிகிரியைத் தாண்டியிருக்கும். 10.08-க்கு உச்சி. ஒரு மணி வரை நேரம் இருக்கிறது. நிலா கிடையாது. மறுநாள் ஞாயிறு, பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில். இதைவிடப் பொருத்தமான இரவு அமைவது அரிது. அன்று மேகம் வந்தால் மே 9-இலிருந்து 20 வரை எந்த இரவும் ஏதோ ஒரு பொழுதில் கைகொடுக்கும். வளர்பிறை தொடங்கிய பின் நிலா மறையும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளையும் போக்கிலேயே கண்ணை ஓட்டினால் செம்மஞ்சளாகச் சுவாதி வரும். அதே வளைவைத் தொடர்ந்தால் வெண்ணீலமாகச் சித்திரை. பத்து மணியளவில் அது தெற்கே வெகு உயரத்தில் இருக்கும். அதற்கு வலப்பக்கம் சற்றுத் தாழ்வாக அஸ்தத்தின் விண்மீன்கள். சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். அங்கே பைனாகுலரை வைத்து மெல்ல நகர்த்தினால், புள்ளியாக இல்லாமல் உருண்டையாக, ஓரம் கரைந்த ஓர் ஒளி தட்டுப்படும். அதற்கு இடப்பக்கம் ஐந்து டிகிரி தள்ளி ஸீட்டா சென்டாரி என்ற பளிச்சென்ற விண்மீன் இருக்கும். சரியான இடம்தான் என்று அது உறுதி செய்யும். ஏழு மடங்கு, பத்து மடங்கு பைனாகுலர் இதற்குப் போதும். ஆறு அங்குல டெலஸ்கோப் இருந்தால் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். நேராக வெறித்துப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால், கருந்துணியில் ரவையைக் குவித்ததுபோல் ஓரங்களில் தனித்தனி விண்மீன்கள் பிரிந்து தெரியத் தொடங்கும். முதல் நிமிடத்தில் தெரியாதது ஐந்தாவது நிமிடத்தில் தெரியும். ஆகவே வரிசையில் நிற்கும் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.

டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அங்கிருந்து நாலரை டிகிரி நேர் மேலே ஏறினால் சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது; நடுவே தூசுப்பட்டை ஓடும். இன்னும் மேலே போனால் மெஸ்ஸியே 83. ஒரே தீர்க்கரேகையை ஒட்டி இவை அடுக்கியிருப்பதால், ஒன்றுக்குப் போட்ட நேரக்கணக்கு மற்றவற்றுக்கும் பொருந்தும்.

மற்ற பொருள்களுக்கும் நீங்களே கணக்கிட ஒரு சுருக்கம் தருகிறேன். சித்திரை பிறப்பின் நள்ளிரவில் உச்சியில் இருக்கும் வல ஏற்றம் பதின்மூன்றரை மணி. ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் இரண்டு மணி கூட்டிக்கொண்டே போங்கள்; 24-ஐத் தாண்டினால் கழித்துவிடுங்கள். வைகாசிக்குப் பதினைந்தரை, ஆனிக்குப் பதினேழரை, தைக்கு ஏழரை, பங்குனிக்குப் பதினொன்றரை. பொருளின் வல ஏற்றம் அதைவிட எத்தனை மணி கூடுதலோ, நள்ளிரவுக்கு அத்தனை மணி கழித்து அது உச்சிக்கு வரும். குறைவென்றால் அத்தனை மணி முன்பு. லகூன் நெபுலாவின் வல ஏற்றம் 18 மணி 4 நிமிடம் என்று நூலில் பார்க்கிறீர்களா? சித்திரை பிறப்பில் அது விடியற்காலை நாலே முக்காலுக்கும், ஆனி பிறப்பில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கும் உச்சியில். ஆனியில் மேகம் மறைக்கும் ஊர் என்றால் வைகாசியின் பின்னிரவில் எழுந்து பார்த்துவிடுங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலிகள் இதையெல்லாம் நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் ஒருமுறை காலண்டரும் பென்சிலுமாக உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மே 16 இரவு பார்ப்பவர்கள் நான்கு விவரங்களை எழுதி அனுப்புங்கள்: எந்த ஊர், எத்தனை மணி, எந்தக் கருவி, கண்ணுக்கு எப்படித் தெரிந்தது. வெறும் கண்ணால் பார்த்தவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மேகத்தால் பார்க்க முடியாமல் போனவர்களும் எழுதுங்கள். எந்த ஊரில் எந்த வாரம் வானம் திறந்திருந்தது என்பதும் எங்களுக்குத் தேவை. வந்த குறிப்புகளை ஊர்வாரியாகத் தொகுத்து ஆடி இதழில் வெளியிடுகிறோம். அடுத்த ஆண்டு இதே பொருளைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்